தாத்தாவின் தகரப்பெட்டியும் ஆறு மாத மருந்தும்: எதை முதலில் படிப்பது?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார். காசநோய் என்று கண்டுபிடித்து மருந்து தொடங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு, வீட்டில் தனி அறை. தோட்டத்தில் உபதேசியாராக இருந்த தாத்தா விட்டுப்போன ஒரு தகரப்பெட்டி நிறையக் கிறிஸ்தவப் புத்தகங்கள், அப்புறம் கன்வென்ஷன் கூட்டங்களில் வாங்கியவை, பரிசாக வந்தவை, எல்லாம் படிக்காமலே கிடக்கின்றன. தனக்குத் தெரிந்தவற்றை ஒரு பட்டியலாகவும் எழுதி அனுப்பியிருக்கிறார். "கடவுள் இப்போதுதான் நேரம் தந்திருக்கிறார், எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று உட்காருகிறேன். இரண்டு பக்கத்தில் தூங்கிவிடுகிறேன், படித்தது மனதில் நிற்பதில்லை, குற்ற உணர்வாக இருக்கிறது. எந்த வரிசையில் படிப்பது? ஒரு ஆன்ட்டி எனக்கு இரவல் தந்த புத்தகத்தைத் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார், புத்தகத்தால் தொற்றுமா?" என்பது கேள்வி.

தங்கச்சி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை அதிகமாக வருத்துகிறது என்று தெரிகிறது. தொற்றாது. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. நோயாளி இருமும்போதும் பேசும்போதும் வெளியே வருகிற நுண்துளிகளைப் பக்கத்தில் இருப்பவர் சுவாசித்தால்தான் ஆபத்து, தட்டு, கோப்பை, போர்வை, புத்தகம் இவற்றைத் தொடுவதால் வராது. மருந்து ஒழுங்காகக் குடிக்கத் தொடங்கிச் சில வாரங்களில் பரப்பும் தன்மையும் பெரும்பாலும் அடங்கிவிடும், உங்கள் விஷயத்தில் எப்போது என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்ட்டிக்கு இதை நீங்கள் சொன்னால் எடுபடாது. கிளினிக் நர்ஸையோ உங்கள் சபைப் போதகர் ஐயரையோ விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். நம் ஊர் ஆட்கள் குளிருக்குப் பயந்து காம்பராவில், அதாவது அறையில், ஒரு கீறல் விடாமல் அடைத்து வைப்பார்கள், இந்த நோய்க்கு அதைப்போலக் கெடுதல் வேறு இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு திறந்த ஜன்னல் பக்கத்தில் கதிரையைப் போடுங்கள். படிக்க வெளிச்சமும் அங்கேதான் கிடைக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும், படிக்கிற ஆளுக்கு இது முக்கியம். முதல் இரண்டு மாதம் குடிக்கிற நான்கு மருந்துகளில் எத்தாம்பியூட்டோல் என்று ஒன்று உண்டு. அபூர்வமாகச் சிலருக்கு அது கண் நரம்பைத் தாக்கும். எழுத்து மங்கலாகத் தெரிந்தாலோ, சிவப்பும் பச்சையும் முன்போலப் பிரிந்து தெரியாவிட்டாலோ, "அதிகம் படித்ததால்" என்று நீங்களாகவே காரணம் கற்பித்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள், அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். சிவப்புப் பேனாவால் கொப்பி திருத்துகிற டீச்சர் நீங்கள், நிறம் மாறினால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பெட்டியை உங்கள் அறையில் வைத்துத் திறக்க வேண்டாம். தலவாக்கலை ஈரத்தில் வருடக்கணக்காக மூடிக்கிடந்த பெட்டி என்றால் உள்ளே பூஞ்சணம் நிச்சயம், அந்தத் தூள் இப்போது உங்கள் நெஞ்சுக்கு ஆகாது. தம்பியோ தங்கையோ யாராவது மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில், அதாவது வெளித் திண்ணையில், வைத்துத் திறக்கட்டும். ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, அட்டையையும் முதுகையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத்துணி தொடவே கூடாது, பக்கங்கள் விசிறிபோல விரிந்து நிற்கிற மாதிரி காற்றோட்டத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். சுள்ளென்ற வெயிலில் போட்டால் பழைய ஒட்டு காய்ந்து முதுகு பிளந்துவிடும். நடுப்பக்கங்களில் வெள்ளியாய் ஓடுகிற இராமபாணப் பூச்சி இருந்தால் தட்டி உதறினால் போதும். பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தால் அந்த வாசனை போக சில நாள் ஆகும், அதுவரை அந்தப் புத்தகம் உள்ளே வரவேண்டாம். துடைத்தவர் ஒவ்வொன்றின் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதித் தந்தால், நீங்கள் படுத்தபடியே அந்தப் பட்டியலை வைத்து முடிவெடுக்கலாம்.

சரி, இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. வரிசை கேட்டிருக்கிறீர்கள். வரிசை போடுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைப் பற்றி நீங்கள் நினைக்கிற விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று எனக்குப் படுகிறது. தோட்டத்துக் கடையில் எழுதி வைத்த கடன்போல, சம்பளம் வந்ததும் அடைத்துத் தீர்க்க வேண்டிய பாக்கியாக அதைப் பார்க்கிறீர்கள். உங்கள் தாத்தாவே அப்படிப் படித்திருக்க மாட்டார். கோப்பிக் காலத்தில், 1854-ல், தோட்டத் தமிழர்களுக்காக ஒரு மிஷன் தொடங்கியதிலிருந்து திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார்களும், பின்னால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும், ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்குக் குறுக்குப்பாதையில் நடந்துபோய் ஜெபக்கூட்டம் நடத்தியவர்கள். அவர்களுக்குப் புத்தகம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு எடுத்துப் பார்க்கிற கருவி. வேண்டிய பக்கத்தை வேண்டிய நேரத்தில் திறந்தார்கள். பாதிக்குமேல் அவரும் முழுசாகப் படிக்காததாக இருக்கலாம், அதில் ஒரு தப்பும் இல்லை.

வேதத்திலேயே இதற்கு ஆதரவு இருக்கிறது. பிரசங்கி 12:12, "அநேகம் புஸ்தகங்களை உண்டுபண்ணுகிறதற்கு முடிவில்லை, அதிக படிப்பு உடலுக்கு இளைப்பு." சுகமாக இருந்தவருக்கே இளைப்பு என்றால் தினமும் கைநிறையக் குளிசை விழுங்குகிற உங்களுக்கு எப்படி இருக்கும்?

"கடவுள் இதற்காகத்தான் நேரம் தந்தார்" என்பதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் பட்டியலில் "கிறிஸ்துநாதர் அநுசாரம்" இருப்பதாக எழுதியிருந்தீர்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் தோமஸ் அ கெம்பிஸ் இலத்தீனில் எழுதியது. நம் மலையகக் கத்தோலிக்க வீடுகளில் பழைய பிரதி ஒன்றாவது இருக்கும், உங்கள் அம்மா வழியாக வந்திருக்க வேண்டும். அதில் முதல் பாகம் 23-ம் அதிகாரத்தில் ஒரு வரி வருகிறது, நோயால் திருந்துகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று. துறவிகளுக்காக எழுதிய ஒரு கண்டிப்பான மனிதரே அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சுகமாக இருக்கும்போதே நல்லதைச் செய்துகொள், நோய் வந்தால் உன்னால் என்ன முடியும் என்று எனக்குத் தெரியாது என்கிறார். எனக்கு இது பெரிய ஆறுதலாகத்தான் படுகிறது. படுக்கையில் கிடக்கிறவர் ஞானியாகி எழுந்து வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, சுற்றி இருக்கிற சில விசுவாசிகளைத் தவிர.

(அந்த 23-ம் அதிகாரம் மரண சிந்தனை பற்றியது. அந்த வரியை நான் சொல்லிவிட்டேன், அதிகாரம் முழுவதையும் இப்போது நீங்கள் படிக்கத் தேவையில்லை. மருந்து இருக்கிற, சுகமாகிற நோய் உங்களுடையது.)

என் அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான். நோயாளி படிக்க வேண்டியது நோயாளி எழுதியதை. கொஞ்சமாக, ஒரே புத்தகத்தை, முதலிலிருந்து. எங்கள் கோவிலில் ஒரு இரவல் அலமாரியை நெடுங்காலமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர்கள் எடுத்துப் போகிற புத்தகங்களில் எது திரும்பும்போது ஓரம் மடிந்து, தேத்தண்ணீர்க் கறையோடு வருகிறது, எது புத்தம் புதிதாகவே வருகிறது என்று பார்த்துப் பார்த்து எனக்குப் பட்டது இது. "துன்பத்தில் வெற்றி" மாதிரித் தலைப்போடு நல்ல தேகாரோக்கியத்தில் இருக்கிற போதகர்கள் எழுதியவை அப்படியே திரும்பிவிடும்.

இதையே நேரடியாகச் சொன்ன ஒரு ஆள் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கல். 1894-ல் கொஞ்ச காலம் இலங்கையிலும் இருந்திருக்கிறார். 1931-ல் ஒரு குழிக்குள் விழுந்து காலும் இடுப்பும் அடிபட்டு, அதிலிருந்து 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் அறையைவிட்டுப் பெரும்பாலும் வெளியே வரவில்லை. அந்தக் காலத்தில் நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1933-ல் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார், "ரோஸ் ஃப்ரம் பிரையர்" என்று. சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு என்று எழுதியவை தனக்கு வலி இருந்த நேரத்தில் உதவவில்லை, அதனால்தான் நோயாளி நோயாளிக்கு எழுதுகிறேன் என்பதுதான் அதன் அடிப்படையே. ஒவ்வொரு கடிதமும் சின்னது. ஆங்கிலம் கொஞ்சம் பழைய நடை, ஆனால் நீங்கள் சமாளிப்பீர்கள். உங்கள் பட்டியலில் இது இல்லை. கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பரவாயில்லை, உங்கள் புத்தகங்களுக்குள்ளேயே இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள்.

முதல் ஆள் அகுஸ்தினார். அந்தத் தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் பயந்து ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள், அவர் தன் வாழ்க்கையைச் சொல்கிற "கன்ஃபெஷன்ஸ்". 13 பகுதிகள். ஏறக்குறைய கி.பி. 400-ஐ ஒட்டி எழுதியது. எல்லாருக்கும் தெரிந்த கதை எட்டாம் பகுதியில் வருகிறது, மிலான் தோட்டத்தில் "எடுத்துப் படி" என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டது, பவுலின் நிருபத்தைத் திறந்தது. நீங்கள் அதைத் தாண்டி ஒன்பதாம் பகுதிக்குப் போங்கள். அந்த வருடம், அதாவது 386-ல், அவர் யார்? உங்களைப்போல வாத்தியார். மிலான் நகரத்தில் சொற்கலை சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கோடையில் அவருக்கு நெஞ்சில் கோளாறு. மூச்சு இழுக்கக் கஷ்டம், நெஞ்சு வலி, குரல் எழும்பவில்லை, கற்பிப்பதை நிறுத்தவேண்டிய நிலை. உள்ளுக்குள் அவருக்கு அந்த வேலையை விட்டுவிட ஏற்கெனவே ஆசை, நோய் ஒரு நியாயமான சாக்காக வந்தது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். லீவுக்கு விண்ணப்பம் எழுதின எந்த டீச்சருக்கும் அந்த இடத்தில் சிரிப்பு வரும்.

நண்பர் ஒருவருடைய கிராமத்து வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போகிறார். அங்கே என்ன படித்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. சங்கீதங்களைப் படித்தார். நான்காம் சங்கீதத்தை எடுத்து ஒவ்வொரு வரியாக எப்படிப் பற்றி எரிந்தது என்று பக்கக்கணக்கில் எழுதுகிறார், எட்டே வசனம் உள்ள சங்கீதம் அது. நடுவில் ஒரு பல்வலி வருகிறது, பேசவே முடியாத அளவுக்கு. மெழுகுப்பலகையில் எழுதிக் காட்டி, எனக்காக ஜெபியுங்கள் என்று நண்பர்களிடம் கேட்கிறார். அப்புறம் பிஷப் அம்புரோசுக்கு எழுதி, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்பட எதைப் படிக்கட்டும் என்று விசாரிக்கிறார். ஏசாயாவைப் படி என்று பதில் வருகிறது. எடுத்தார், தொடக்கமே புரியவில்லை, முழுவதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, ஆண்டவருடைய பேச்சு இன்னும் பழகிய பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று ஒதுக்கி வைத்துவிட்டார். ஒரு பிஷப் சொன்ன புத்தகம், ஒரு தீர்க்கதரிசியின் புத்தகம், படிக்க எடுத்தவரோ திருச்சபையின் மிகப் பெரிய அறிஞராகப் போகிறவர். அவரே படிக்காமல் மூடி வைத்திருக்கிறார்! அதை மறைக்கவும் இல்லை. உங்கள் தகரப்பெட்டியைப் பார்த்து வெட்கப்படத் தோன்றுகிற நேரமெல்லாம் இந்த ஒரு பத்தியை எடுத்துப் படியுங்கள்.

ஆகவே அந்தப் புத்தகத்தில் ஒன்பதாம் பகுதி முதலில். பிடித்துப்போனால் ஒன்றிலிருந்து எட்டு வரை. பத்து முதல் பதின்மூன்று வரை ஞாபகம், காலம், ஆதியாகமம் என்று தத்துவம். அது அடுத்த வருடத்துக்கு.

இரண்டாவது ஆள் சிறுமலர் தெரேசாள், பிரான்ஸ் நாட்டு இளம் கன்னியாஸ்திரி. அம்மா வழிப் புத்தகங்களில் அவருடைய தன்வரலாறு இருப்பதாகச் சொன்னீர்கள். அவருக்கு இருந்தது உங்கள் நோய்தான், அதனாலேயே கொஞ்சம் யோசித்தேன், சொல்லலாமா என்று. 1897-ல் 24 வயதில் காசநோயால் இறந்தார். ஆனால் அப்போது இதற்கு மருந்தே கிடையாது, இதைக் குணமாக்க முதலில் வந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடித்ததே 1943-ல். உங்கள் கையில் இருக்கிற குளிசை அட்டை அவர் கையில் இருந்திருந்தால் அவர் கிழவியாகித்தான் செத்திருப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பயம் வராது. பயம் வந்தால் மூடிவிடுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

அவர் சொல்கிற ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இருப்பதேதான். பதினேழு பதினெட்டு வயதில் ஸ்பானியத் துறவி சிலுவை அருளப்பரின் நூல்களே தனக்கு உணவாக இருந்ததாம். பின்னால் எந்த ஆன்மிக எழுத்தாளரின் புத்தகத்தைத் திறந்தாலும், எவ்வளவு அழகானதாக இருந்தாலும், மனம் சுருங்கிப்போகும், படிப்பேன், புரியாது என்று எழுதுகிறார். அந்த நிலையில் அவருக்குக் கைகொடுத்தது இரண்டே இரண்டு, வேதாகமமும் அநுசாரமும். அநுசாரம் சின்ன வயதிலேயே அவருக்குப் பெரும்பாலும் மனப்பாடம். கண்டபடி ஒரு பக்கத்தைத் திறந்து இந்த அதிகாரத்தைச் சொல் என்று வீட்டில் வேடிக்கையாகக் கேட்பார்களாம். மனம் நல்ல நிலையில் இருந்தபோது ஏறியது, மனம் வறண்டபோது உதவியது. ஆகவே படித்தது நிற்கவில்லை என்று நீங்கள் வருந்துவதில் அர்த்தமில்லை. இப்போது புதிதாக ஏற்றுகிற காலமே இல்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பதைத் தொட்டுப் பார்க்கிற காலம். ஞாயிறு பாடசாலையில் ஒப்பித்த சங்கீதங்கள் எத்தனை உங்களுக்குள் கிடக்கின்றன, அவற்றையே முதலில் எடுங்கள்.

தெரேசாள் தன் கடைசிக் குறிப்புப் புத்தகத்தை 1897 ஜூனில் நோயோடு எழுதினார், முடியாமல்போய் இறுதிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார். மடத்துத் தோட்டத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்போது வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆறுதல் சொல்ல நின்றுவிடுவார்களாம், தொந்தரவில்லாமல் பத்து வரி எழுதியிருப்பேனா தெரியவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் நோயாளியாகக் கிடந்த எல்லாருக்கும் தெரிந்த கஷ்டம் அது. அதே குறிப்பில் தன் விசுவாசம் இருண்டுபோனதைச் சொல்ல, அடர்ந்த மூடுபனி சூழ்ந்த ஒரு நாட்டில் பிறந்து, சூரியன் சிரிக்கிற இயற்கையை ஒருபோதும் பார்க்காதவளாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறார். நானுஓயாவிலும் நுவரெலியாவிலும் மழை மாதங்களில் இருக்கிறவர்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி எப்படிப் படிப்பது என்பது. ஹப்புத்தளை அடிசம் பங்களாவுக்கு நீங்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போயிருப்பீர்கள். எல்லாரும் ஜாம் போத்தல் வாங்கிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிற இடம். அது ஆசீர்வாதப்பர், அதாவது புனித பெனடிக்ட், சபைத் துறவிகளின் மடம். அவர்கள் பின்பற்றுகிற ஆறாம் நூற்றாண்டு ஒழுங்குவிதியின் 48-ம் அதிகாரம் படிப்பையும் வேலையையும் பற்றியது. தவக்காலம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் நூலகத்திலிருந்து ஒரே ஒரு புத்தகத்தை எடுக்க வேண்டும், அதை முதலிலிருந்து ஒழுங்காக முழுவதும் படிக்க வேண்டும் என்று விதி. ஒரு புத்தகம், நாற்பது நாளுக்கு! அதே அதிகாரத்தின் கடைசியில் நோயாளிகளையும் பலவீனரையும் பற்றி வருகிறது. அவர்கள் சும்மாவும் இருக்கக் கூடாது, பாரத்தால் நசுங்கவும் கூடாது, அப்படிப்பட்ட வேலையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று. மடத்தில் சுகதேகியாக இருந்தவருக்கே ஒன்று என்றால் உங்களுக்கு ஒன்று தாராளம்.

ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் சங்கீதமும் இன்னொரு புத்தகமும் மட்டும் இருக்கட்டும். மற்ற எல்லாம் கண்ணில் படாத இடத்தில். சங்கீதத்துக்குக் குடும்ப வேதாகமத்தைத் தூக்காதீர்கள், அந்தக் கனத்தை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்தபடி படிக்க முடியாது. கிதியோன்காரர்கள் கொடுக்கிற சின்னப் புதிய ஏற்பாட்டில் சங்கீதமும் நீதிமொழியும் சேர்ந்து வரும் பதிப்பு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது இருக்கும். வருடத்தில் வேதாகமம் முழுவதும் என்ற அட்டவணையை இப்போது தொடங்க வேண்டாம். அது நாளைக்கு மூன்று நான்கு அதிகாரம் கேட்கும், லேவியராகமத்தில் நீங்கள் நின்றுவிடுவீர்கள், அதுவும் ஒரு குற்ற உணர்வாகச் சேரும். 6, 41, 88, 102 என்று நோயாளிகளின் சங்கீதங்களாகப் பாருங்கள். "படுக்கையின்மேல் வியாதியாய்க் கிடக்கிற அவனைக் கர்த்தர் தாங்குவார்" என்பது 41-ல். "வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப்போல் இருக்கிறேன்" என்பது 102-ல், தூக்கம் வராத ஒருவர் சொல்வது. 88 இருட்டிலேயே தொடங்கி இருட்டிலேயே முடிகிறது, கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லை, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு அதில் பெரிய விஷயம். சத்தமாகப் படிக்க வேண்டும் என்று தோன்றும், சங்கீதம் அப்படித்தான். ஆனால் இருமல் அடங்கும்வரை மனதுக்குள் படியுங்கள், அல்லது தங்கையை வாசித்துப் போனில் ரெக்கோட் பண்ணித் தரச் சொல்லுங்கள். சாயங்காலம் உடம்பு அசந்து கண் எரிகிற நேரத்தில் கேட்பதற்கு அதுதான் நல்லது.

இரண்டு பக்கத்தில் தூக்கம் வந்தால் தூங்குங்கள். எழுந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடராமல், பிடித்த ஒரு வரியை மட்டும் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வையுங்கள். இது நான் கண்டுபிடித்ததில்லை. 1521-ல் பம்ப்லோனாச் சண்டையில் பீரங்கிக்குண்டு பட்டுக் கால் உடைந்து லொயோலாவில் படுத்துக்கிடந்த இஞ்ஞாசியார் வீரசாகசக் கதைகள்தான் கேட்டார். வீட்டில் அது இல்லாததால் கிறிஸ்துவின் வரலாறு ஒன்றையும் புனிதர்கள் வரலாற்றையும் கொடுத்தார்கள். படிக்காத புத்தகம் நோயில் கைக்கு வந்த கதைகளில் இதைவிடப் பெரிய விளைவு தந்தது எனக்குத் தெரியவில்லை, யேசு சபையே அதிலிருந்து வந்தது. அவர் செய்தது என்ன? பிடித்த பகுதிகளைப் பார்த்து எழுதினார், இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பு மையிலும் மரியாளுடையதை நீல மையிலும், நல்ல கையெழுத்தில். ஏறக்குறைய முந்நூறு தாள். நடுவில் ஜன்னல் பக்கம் பார்த்து மணிக்கணக்காகப் பகல்கனவும் கண்டார். எந்தக் கனவு முடிந்த பிறகு மனம் வறண்டது, எது முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியது என்று கவனித்ததுதான் அவருடைய ஆன்மிகப் பயிற்சிக்கே அடிப்படை. புத்தகங்களைச் சோதிக்கவும் அதே வழி போதும். மூடி வைத்து அரைமணி நேரம் கழித்து மனம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

அந்தச் சோதனையில் உங்கள் பட்டியலின் கடைசிப் பகுதி தேறாது என்று நினைக்கிறேன். சுகமளிக்கும் கூட்டங்களில் விற்கிற, மருந்தை விட்டுவிட்டு விசுவாசித்தவர்களின் சாட்சிகள் உள்ள அந்தச் சின்னப் புத்தகங்களைச் சொல்கிறேன். அவற்றைப் படிக்கவே வேண்டாம், கொடுத்தவர் யாராக இருந்தாலும். இதில் நான் மரியாதைக்குக்கூட வளைந்து பேசமாட்டேன். ஆறு மாத மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகிவிடலாம், அப்புறம் வைத்தியம் பல மடங்கு கஷ்டம், வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்தக் கிருமிதான் பரவும். எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் அழுது ஜெபித்து இன்னும் 15 வருடம் ஆயுள் வாங்கினதை அவர்கள் பிரசங்கிப்பார்கள். அதே ஏசாயா 38-ம் அதிகாரத்தில், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னது அந்த ஆயுளை அறிவித்த ஏசாயா தீர்க்கதரிசியேதான். அந்த வசனத்தை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

வேதவியாக்கியானத் தொகுதிகள், தாத்தா பிரசங்கத்துக்கு வைத்திருந்தவை, இப்போது தொடவே வேண்டாம். கதை வேண்டும் என்று தோன்றுகிற நாட்களுக்கு "மோட்சப் பிரயாணம்" இருக்கிறது. பன்னிரண்டு வருடம் பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்த ஜான் பனியன் எழுதி 1678-ல் வெளியிட்டது. இது நோயாளி எழுதியது இல்லை, ஆனால் அறையைவிட்டு வெளியே போகமுடியாத ஒருவர் எழுதிய நீண்ட நடைப்பயணம், அதனால் என் விதிக்குள் அதையும் சேர்த்துக்கொள்கிறேன். சேற்றில் விழுவது, மலை ஏறுவது, அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையில் அடைபட்டபோது சாவி தன் மார்புக்குள்ளேயே இருந்ததைக் கிறிஸ்தியான் ஞாபகப்படுத்திக்கொள்வது, ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். இதே கதையை வைத்துத்தான் கிருஷ்ண பிள்ளை "இரட்சணிய யாத்திரிகம்" என்று காவியமாகப் பாடினார், 1894-ல் வந்தது. தாத்தாவின் பிரதி உங்களிடம் இருப்பது பெரிய சொத்து. ஆனால் கம்பனைப் படிக்கிற மாதிரி பதம் பிரித்து, அகராதி வைத்து, உட்கார்ந்து படிக்க வேண்டியது. பூஞ்சணம் துடைத்து, கடதாசியில் சுற்றி, மேல்தட்டில் வையுங்கள். மறுபடியும் வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு உங்கள் பள்ளித் தமிழ் ஆசிரியரோடு சேர்ந்து படித்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

மீதி? பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்கிறார், மாரிகாலத்துக்கு முன்னே வா என்கிறார். குளிர் வரப்போகிறது, எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எல்லாவற்றையும் கேட்கவில்லை. நீங்களும் அந்தப் பட்டியலில் உங்களுக்குக் கட்டாயம் வேண்டியதற்கு மட்டும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு பிரதி இருப்பதை, கன்வென்ஷனில் கூட்டத்தோடு கூட்டமாக வாங்கியதை, யாரோ தந்தார்கள் என்பதற்காக வைத்திருப்பதைத் தனியாக எடுத்து வையுங்கள். வியாக்கியானங்களை உங்கள் சேகரத்து ஐயரிடம் கேட்டுப் பாருங்கள், பிரசங்கம் பண்ணப் பழகுகிற இளம் ஆட்களுக்கு அவை வேண்டியிருக்கும். தாத்தாவின் கையெழுத்து, ஓரக் குறிப்பு, தோட்டப் பெயர், தேதி எழுதியிருக்கிற எதையும் கொடுத்துவிடாதீர்கள், அச்சடித்ததைவிட அந்தப் பென்சில் குறிப்புகளுக்குத்தான் மதிப்பு. அவற்றைப் போனில் படம் எடுத்து வைக்கிற வேலையைத் தம்பிக்குக் கொடுக்கலாம், இப்போதே, இஸ்தோப்பில் வைத்தே.

ஆன்ட்டியின் புத்தகத்தை அவசரப்பட்டுத் திருப்பாதீர்கள். கிளினிக்கில் சளிப் பரிசோதனை முடிவு சரியென்று சொன்ன பிறகு, நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், பிளேன்டீ கொடுத்தால் உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள். அதற்குள் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. எப்படி இருந்தது என்று அவர் கேட்டால், ஏசாயாவை மூடி வைத்த அகுஸ்தினார் கதையைச் சொல்லிவிடலாம்.